லேபல் கன்: 2008 நவம்பரில் வாங்கியது, இன்னும் அடிக்கிறது

அக்காவின் மகன் லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு கடை எடுக்கிறான். போன மாதம் போனில் கேட்டான். “மாமா, விலை அடிக்கிற கன் எது நல்லது? ஒன்லைன்ல பாத்தா நூறு விதம் கிடக்கு. எல்லாத்துக்கும் நாலரை ஸ்ரார் போட்டிருக்கினம்.”

என்னிடம் இருப்பதைப் பற்றி எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கன்னைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. அதை நான் வாங்கினதே இங்கிலாந்தில் வற் என்கிற பெறுமதி சேர் வரி குறைந்த கிழமையில், அந்த வரிக்குறைப்புக்காகவே. ஆகவே இது இரண்டுக்கும் சேர்த்து எழுதும் விமர்சனம்.

முதலில் கடை. தென் லண்டனில் மிச்சம் என்று ஓர் ஊர். அந்தப் பெயரை வைத்து எங்கள் ஆட்கள் அடிக்காத பகிடி இல்லை: “மிச்சத்தில கடை வைச்சும் மிச்சம் பிடிக்கேலாமல் கிடக்கோ அண்ணை?” சின்னக் கடை. ஒரு பக்கம் பாண், பால், பேப்பர், பியர், சிகரெட். மற்றப் பக்கம் அரிசி, பருப்பு, முருங்கைக்காய், கற்பூரம். ஸ்கேனர் இல்லை. காசுப் பெட்டி, நாங்கள் ரில் என்போம், பொத்தான் அமுக்கும் பழைய சாதி. ஆகவே ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும்.

2008 நவம்பர் 24, திங்கட்கிழமை பின்னேரம். நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் பாராளுமன்றத்தில் பேசுவது கடை ரி.வி.யில் போய்க்கொண்டிருந்தது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வங்கி விழுந்து இரண்டு மாதம். எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகிற போலந்துப் பொடியள் காலையில் வாங்கும் சான்ட்விச்சை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து பார்சல் கட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். பொருளாதார மந்தம் என்றால் எனக்கு அந்தப் பார்சல்தான். டார்லிங் சொன்னார்: வற் 17.5 வீதத்திலிருந்து 15 வீதம். டிசம்பர் 1 முதல், 2009 டிசம்பர் 31 வரை. அரசாங்கத்துக்குச் செலவு 1,250 கோடி பவுண்ட் அளவில். நிலையான வீதத்தை 15க்குக் கீழே இறக்க, அப்போது எங்களுக்கும் பொருந்திய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் விடவில்லை. ஆகவே போகக்கூடிய அடிமட்டம் வரை போயிருந்தார்.

அமுலுக்கு வர ஏழு நாள். அதுவும் கிறிஸ்மஸ் மாதத்தின் முதல் நாளில்.

வியாழக்கிழமை காஷ் அண்ட் கரிக்கு, கடைக்காரர்கள் சாமான் எடுக்கும் மொத்தக் கடைக்கு, போனேன். என் பழைய கன்னின் கைப்பிடி உடைந்து, ரேப் சுற்றி வைத்திருந்தது. அங்கே ஒரு பெரிய கூடை நிறைய லேபல் கன். அதைச் சுற்றிக் கடைக்காரர்கள். குஜராத்திகள், பஞ்சாபிகள், எங்கட ஆட்கள், ஒரு துருக்கிக்காரர், எல்லோர் முகத்திலும் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. விலை 19 பவுண்ட் 99, வற் தனி. 17.5 வீதம் சேர்த்து 23.49. நாலு நாள் பொறுத்திருந்தால் 22.99. வரிக்குறைப்புக்கு விலை மாற்றும் ஆயுதத்தைப் பழைய வரியிலேயே வாங்கினேன். நான் வற் பதிவு செய்தவன், அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது வேறு கதை. ஆனாலும் அந்த 50 பென்ஸ் ஏனோ இன்றுவரை மனதில் நிற்கிறது.

இனி சாமானைப் பற்றி. நீலப் பிளாஸ்ரிக் உடம்பு, ஒற்றை வரி, எட்டு இலக்கம். 26க்கு 12 மில்லிமீற்றர் லேபல் போடும். எல்லா இடத்திலும் கிடைக்கும் சாதாரண அளவு அதுதான், ஒரு றோலில் 1,500. மருமகன், கன் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விசயம் இது. வித்தியாசமான லேபல் அளவு போடும் கன்னை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதே, பிறகு லேபலுக்கு அலைவாய். பக்கத்தில் ஒரு குமிழ். அதை இழுத்துச் சுற்றினால் இலக்கம் மாறும். பவுண்ட் குறி, புள்ளி, பென்ஸ் குறி எல்லாம் பட்டியிலேயே உண்டு. மூடியைத் திறந்து றோலை வைத்து, நுனியை முன்னுக்கு இழுத்து, மூடினால் சரி. முதல் நாள் எனக்கு இருபது நிமிசம் எடுத்தது, மகளுக்கு ஒன்றரை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

லேபலில் சிறு வெட்டுகள் இருக்கும். உரித்தால் முழுதாக வராமல் துண்டு துண்டாகக் கிழியும். ஒரு சாமானின் விலையை இன்னொன்றில் மாற்றி ஒட்டுகிற வாடிக்கையாளருக்காகச் செய்தது. நல்ல யோசனை. ஆனால் கடை முழுக்க விலை மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை இரவில் அதைக் கண்டுபிடித்தவனை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து திட்டினோம்.

அந்த ஞாயிறு நவம்பர் 30. அன்றைக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எட்டு மணிக்குக் கடையைப் பூட்டினேன். நான், மனைவி, மகள். ஒரு வாளியில் சுடுதண்ணீர், சவர்க்காரம், பழைய லேபல் சுரண்ட இரண்டு கத்தி. தொடங்க முதல் ஒரு கடதாசியில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதினோம். அந்தக் கடதாசியில்தான் எனக்கு விசயம் விளங்கியது.

அரிசி, மா, பருப்பு, மரக்கறி, பாண், பால், முட்டை, தேயிலை, பேப்பர்: இவற்றுக்கு எப்போதுமே பூச்சிய வீதம். குறைய ஒன்றும் இல்லை. பியர், வைன், சிகரெட்: வற் குறைந்ததை ஈடுசெய்ய மதுவரியையும் புகையிலை வரியையும் அரசாங்கம் கூட்டிவிட்டது. ஒரு கையால் தந்ததை மறு கையால் எடுத்தாயிற்று. என் கடை வியாபாரத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கூட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மிஞ்சினது சொக்லேற், கிறிஸ்ப்ஸ், சோடா, உப்புக் கச்சான், ரொய்லெற் ரோல், சவர்க்காரம், பற்றரி, பூனைச் சாப்பாடு, வாழ்த்து அட்டை. பிறகு எங்கள் பக்கத்தில் கற்பூரம், ஊதுபத்தி. அரிசிக்கு வரி இல்லை, சாமிக்குக் கொளுத்துகிற கற்பூரத்துக்கு வரி உண்டு. இது இந்த நாட்டின் ஞாயம்.

பிஸ்கற்றில் இன்னும் கூத்து. வெறும் பிஸ்கற்றுக்கு வரி இல்லை, மேலே சொக்லேற் பூசினால் உண்டு. கேக்குக்கு இல்லை. ஜஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கற்றா என்று 1991இல் தீர்ப்பாயம் வரை போய், கேக் என்று முடிவானது. அந்த இரவு மகள் ஒவ்வொரு பக்கற்றாகத் தூக்கிப் பிடித்து, “அப்பா, இது குறையுமா குறையாதா?” என்று கேட்க, பள்ளிக்கூடச் சோதனை எழுதுகிறவன் போல நான் முழித்தேன்.

அடுத்தது விலை. எல்லோரும் இரண்டரை வீதம் குறையும் என்று நினைத்தார்கள். குறையாது. வரி விலைக்கு மேலே ஏறுவது, 117.50க்கு விற்றது 115 ஆகும். அதாவது கடை விலையில் 2.13 வீதம். ஒரு பவுண்ட் சாமான் 97.87 பென்ஸ். 50 பென்ஸ் சொக்லேற் 48.94. அதை எப்படி அடிக்கிறது? 49. ஒரு பென்ஸ். அந்த ஒரு பென்ஸ்சுக்குப் பழைய லேபலைச் சுரண்டி, துடைத்து, புதிதாக ஒட்ட வேண்டும். சில கிறிஸ்ப்ஸ் பக்கற்றிலும் சோடாப் போத்தலிலும் கம்பனியே விலையை அச்சடித்து அனுப்பும். அதன் மேல் நான் எதை ஒட்டுகிறது?

பதினொரு மணிக்கு மனைவி கத்தியைக் கீழே வைத்தா. “இஞ்சருங்கோ, ஒரு பென்ஸ் குறைஞ்சிட்டுது எண்டு இனி ஆர் வந்து மாஸ் சொக்லேற் வாங்கப் போகினம்? பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்.”

ஞாயம்தான். அங்கேயே ஒரு முடிவு எடுத்தோம். இரண்டு பவுண்டுக்கு மேலே விற்கிற சாமானுக்கெல்லாம் விலை குறைப்பது. அதற்குக் கீழே கை வைப்பதில்லை. ரொய்லெற் ரோல் பெரிய பொதி, சவர்க்காரத் தூள், பற்றரி, பூனைச் சாப்பாட்டுப் பெட்டி, மேல் தட்டில் கிடந்த நாலு றைஸ் குக்கர். 24.99 றைஸ் குக்கர் 24.46 ஆனது. அந்த விலையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. கடையில் ஏதோ பிழை நடந்தது போல. 24.49 என்று அடித்துவிட்டேன். மூன்று பென்ஸ் என் பாவக் கணக்கில்.

பன்னிரண்டு அடிக்க முன் ரில்லில் ஸெட் ரீடிங், அதாவது விற்றதன் மொத்தக் கணக்கு, எடுக்க வேண்டும். அந்த நிமிசம் வரை விற்றது பழைய வரிக்கு, அதற்குப் பிறகு விற்பது புதியதுக்கு. என் காலாண்டு ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரை. ஒரே பத்திரத்தில் இரண்டு மாதம் ஒரு வீதம், ஒரு மாதம் இன்னொரு வீதம். ரில்லின் வீதத்தை மாற்ற, விற்ற கம்பனிக்குப் போன் அடித்தபோது ஆள் அனுப்ப 85 பவுண்ட் என்றார்கள், அதுவும் டிசம்பர் 9ஆம் திகதிதான் வரலாமாம். கம்பனியின் பெயர் வேண்டாம். கையேட்டைத் தேடி எடுத்து, சாவியைத் திருப்பி, நானே மாற்றினேன். வீதம் மாறியது, ஆனால் றிசீற்றின் அடியில் பழைய 17.5 என்ற எழுத்து ஒரு கிழமை அச்சாகிக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினா. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தா.

அடுத்த நாள் காலை. முதலாவதாக வந்தவர் ஒரு ஐரிஷ் கிழவர், இருபது வருடப் பழக்கம். கின்னஸ் நாலு கான், ஒரு பெட்டி சிகரெட். காசைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்த்தார்.

“வற் குறைந்தது என்று ரி.வி.யில் சொன்னார்களே?”

சொன்னார்கள், ஆனால் உங்களுடைய இரண்டு சாமானிலும் மற்ற வரியைக் கூட்டிவிட்டார்கள் என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டார்லிங்கின் முகத்தை அவர் ரி.வி.யில்தான் பார்ப்பார், என் முகம் நேரே இருக்கிறது. அந்த டிசம்பர் முழுவதும் இந்தச் சந்தேகம்தான். பால் வாங்க வந்தவர்கூடக் கேட்டார். பாலுக்கு வற் இல்லை என்று ஒரு துண்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். சின்னக் கடைக்காரனுக்கு வரிக்குறைப்பின் முதல் பலன், குறைக்காத கள்ளன் என்ற பெயர்.

பெரிய கடைகளுக்கு இந்தத் தலையிடி இல்லை. கணினியில் ஒரு வரி மாற்றினால் போதும், ரில் தானே கழித்துவிடும். அதோடு அந்த மாதம் பெரிய கடைத்தெருவில் 2 வீதத்தை யார் பார்த்தது? அறிவிப்பு வந்து இரண்டாம் நாள், நவம்பர் 26, வூல்வேர்த்ஸ் என்ற பெரிய கடைக் கம்பனி முறிந்து, நிர்வாகிகளின் கைக்குப் போனது. 807 கடை. கிறிஸ்மசுக்கு முதல் அரைவிலை, பிறகு அதற்கும் கீழே. ஜனவரி 6 அன்று கடைசிக் கடையும் மூடியாயிற்று. பக்கத்தில் ஒருவன் பாதி விலைக்குக் கொட்டும்போது நான் 4.88 என்று ஒட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இனிக் கணக்கு. இது எனக்கே பிறகுதான் விளங்கியது, எங்கள் அக்கவுண்டன்ற் தம்பி படம் கீறிக் காட்டினான். கடை விலையில் எவ்வளவு வற் இருக்கிறது என்று பார்க்க ஒரு பின்னம் உண்டு. 17.5 வீதத்தில் 47இல் 7. 15 வீதத்தில் 23இல் 3. 100 பவுண்டுக்கு விற்றால் முன்பு 14.89 கட்ட வேண்டும், குறைத்த பிறகு 13.04. விலையை மாற்றாமல் விட்டால் 100க்கு 1 பவுண்ட் 85 பென்ஸ் கடைக்காரன் கையில். வாங்கிய சாமானில் கட்டிய வரியும் குறையும்தான், ஆனால் அதை எப்படியும் திருப்பி எடுப்பதால் கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. வரி பிடிபடும் சாமான் கிழமைக்கு 1,500 பவுண்டுக்கு என் கடையில் ஓடும். எதையும் குறைக்காமல் விட்டிருந்தால் கிழமைக்கு 27 பவுண்ட் 75, காலாண்டுக்கு 360. நான் பாதியைக் குறைத்து, பாதியை விட்டேன். ஆகவே 180.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கணக்குப் போட்டேன். மூன்று பேர், சுரண்டல், ஒட்டல், ரில், பிறகு திங்களும் செவ்வாயும் மிச்சம் சொச்சம். 27 மணித்தியாலம் வரும். அப்போது ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 5.73. 154 பவுண்ட் 71 பென்ஸ். குடும்பத்துக்கு யார் சம்பளம் கொடுத்தது? ஆனால் கணக்கென்றால் கணக்கு. முதல் காலாண்டு லாபத்தைச் சுரண்டுகிற கத்தி தின்றுவிட்டது.

இதை வைத்து வரிக்குறைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கட்டியவர்கள் இல்லை. இரண்டாவது காலாண்டில் இருந்து அந்த 180 எனக்கு ஒரு கரண்ட் பில். விற்பனை படுத்த வருசத்தில் அது வந்தது நல்லதுதான். ஆனால் அதனால் ஒரு ஆள் கூடுதலாகக் கடைக்குள் கால் வைத்தாரா? பதின்மூன்று மாதத்தில் நான் காணவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து கிடக்கிறவனுக்கு 2 வீதம் கண்ணில் படாது.

யாருக்கு எப்படிப் பலித்தது என்று எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். இரண்டு கடை தள்ளி ஒரு அக்கா சாறிக்கடை வைத்திருந்தா. வருச விற்பனை, வற் பதிவு கட்டாயமாகும் எல்லைக்குக் கீழே. அப்போது எல்லை 67,000 பவுண்ட், 2009 மே மாதம் 68,000 ஆனது. பதிவு இல்லாததால் அவ வாடிக்கையாளரிடம் வற் எடுப்பதில்லை, கட்டுவதுமில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து சாறி இறக்கும்போது இறக்குமதி வற்றை முழுதாகக் கட்ட வேண்டும், திருப்பி எடுக்க வழியில்லை. அந்த வரி 15 ஆனபோது அவவுக்கு நேரடி மிச்சம். லேபல் மாற்றவில்லை, ஸெட் ரீடிங் இல்லை, பத்திரம் இல்லை. “தம்பி, எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை, பில் மட்டும் குறைஞ்சு வந்துது,” என்று சிரித்தா. பதிவு செய்த பாவத்துக்கு நாங்கள் கத்தியோடு நின்றோம்.

ஆனால் அந்த மிச்சத்தால் அவவுக்கு என்ன? 2009 வந்தது. வன்னியில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு யார் கூறைச் சேலை எடுத்தது? ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் போராட்டத்தில் இருந்த நாட்களில் நானே பல பின்னேரங்களில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அந்த மாதங்களில் கடையில் ஓடியது வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கார்ட் மட்டும்தான். எத்தனை பேர் வாங்கிக்கொண்டு போய், மறுமுனையில் ஆள் இல்லாமல் திரும்பி வந்தார்கள். வற் வீதம் என்ன என்று என்னிடம் கேட்டிருந்தால் அந்த நேரம் சொல்லியிருக்க மாட்டேன்.

உண்மையில் பலித்தது எலக்ட்ரிக் சாமான் விற்ற என் சிநேகிதனுக்கு. 499 பவுண்ட் ரி.வி. 488.38 ஆகும். பத்துப் பவுண்ட் என்றால் ஆள் நின்று பார்க்கும். அதைவிட, வரி திரும்ப ஏறப்போகிறது என்ற பயம் அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. 2009 டிசம்பர் கடைசிக் கிழமை அவன் கடையில் நிற்க இடமில்லை. ஜனவரியில் வாங்க வேண்டியவர்கள் எல்லாம் முந்திக்கொண்டார்கள். பிறகு ஜனவரியும் பெப்ரவரியும் கடைக்குள் கிரிக்கெட் விளையாடலாம் போல் கிடந்தது. ரொய்லெற் ரோலை யாரும் ஒரு வருசத்துக்கு முந்தி வாங்கி அடுக்குவதில்லையே.

அந்த வருசத்தில் என்னை உண்மையாகக் காப்பாற்றியது வேறொன்று. அதே நவம்பர் 24 அன்று, பெரிதாக யாரும் கவனிக்காமல், வரித் திணைக்களம் ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. கட்ட முடியாத தொழில்காரர் திகதி வர முதல் கூப்பிட்டுக் கதைத்தால், தவணையாகக் கட்ட விடுவார்கள். ஜனவரி கடைசிக்கு நான் கட்ட வேண்டியது கையில் இல்லை. இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிக்காரனுக்கு நாங்களே போன் எடுப்பதா என்று. எடுத்தபோது ஒரு பெண் கதைத்தா, ஸ்கொட்லாந்துக் குரல். மாத வரவு, வாடகை, எவ்வளவு கட்டலாம் என்று கேட்டா. பத்தே நிமிசம். மூன்று மாதத்தில் பிரித்துக் கட்டு, தண்டம் இல்லை. போனை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். ஸ்ரார் போடச் சொன்னால் அந்தச் சேவைக்கு நாலரை. வரிக்குறைப்புக்கு இரண்டு.

ஏன் இரண்டு மட்டும் என்று கேட்டால், வேறொரு குறைப்பையும் கண்ணால் பார்த்ததால். 2020 ஜூலை 15 முதல், கொரோனாக் காலத்தில், சாப்பாட்டுக் கடைகளுக்கு வற்றை 20இல் இருந்து 5 வீதமாக்கினார்கள். குடிவகைக்கு மட்டும் இல்லை. லண்டன் ரூட்டிங்கில் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் கொத்துக் கடை வைத்திருக்கிறான். அப்போது ஒரு கொத்து 7 பவுண்ட் 50. முன்பு அதில் 1.25 வரிக்குப் போகும், அந்தக் காலத்தில் 36 பென்ஸ். ஒரு பிளேற்றுக்கு 89 பென்ஸ் அவன் கையில் நின்றது. விலையை ஒரு சதமும் குறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேசை எல்லாம் கவிழ்த்து வைத்திருந்த கடை, பார்சல் மட்டும் கட்டி வாடகை கொடுத்தது. எனக்கு ஒரு சொக்லேற்றில் மிஞ்சியது ஒரு பென்ஸ்சும் இல்லை, 0.93. அவனைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, மந்த காலத்தில் சின்ன வியாபாரிக்கு வரியைக் குறைப்பதென்றால் லேபலில் தெரிகிற அளவுக்காவது குறைக்க வேண்டும். அந்த 5 வீதம் 2021 ஒக்ரோபரில் 12.5 ஆகி, 2022 ஏப்ரலில் திரும்ப 20க்கு வந்தபோது அவன் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

கன்னுக்கு வருகிறேன்.

2009 டிசம்பர் 31, வியாழக்கிழமை, திரும்பவும் அதே வேலை. 17.5க்குப் போக வேண்டும். இந்த முறை சுரண்டவில்லை. பழைய லேபலுக்கு மேலேயே புதியதை ஒட்டினோம். அது பெரிய பிழை. ஆட்கள் மேல் லேபலை நகத்தால் கிளப்பி, அடியில் இருந்த குறைந்த விலையைக் காட்டி, “இதுதான் சரியான விலை” என்று நின்றார்கள். குறைத்தபோது அடியில் கூடிய விலை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அதை அப்போது சுரண்டி எறிந்துவிட்டேனே. ஒரு வருசம் கழித்து, 2011 ஜனவரி 4, 20 வீதம். அந்த முறை இரண்டு பவுண்டுக்குக் கீழே, மேலே என்று பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கூட்டினேன். குறைக்கும்போது ஒரு பென்ஸ் கண்ணுக்குத் தெரியாது, கூட்டும்போது ஐந்து பென்ஸ்சாக வட்டமாகும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறைக்கவில்லை.

இந்த மூன்று மாற்றத்துக்கும் அதன் பிறகு வந்த விலையேற்றம் எல்லாவற்றுக்கும் அதே கன். இரண்டு முறை தகரக் கூரையில் இருந்து விழுந்ததுபோல் கொங்கிறீற்றில் விழுந்திருக்கிறது. மூடியின் ஒரு கொழுவி உடைந்தது, இறப்பர் வளையம் போட்டிருக்கிறேன். மை உருளையை வருசத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எழுத்து மங்கினால் பலர் உருளையில் முத்திரை மையை ஊற்றுகிறார்கள், செய்யாதே, பல்லுக்குள் மை இறங்கி இறுகிவிடும். உருளை வாங்கும்போது கன்னின் அடியில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்கு. குளிர்பெட்டிச் சாமானுக்கு உறைநிலைப் பசை உள்ள லேபல் தனியாக விற்கிறது, சாதாரணமானது ஈரத்தில் கழன்று போகும். நாலு ஸ்ரார் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைப்பது கடைசி இலக்கப் பட்டிக்காக.

2008இல் 4.88, 9.78 என்று அந்தப் பட்டியை ஒரே இரவில் சுற்றிய சுற்றில் 8இன் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. இப்போது 8 அடித்தால் 3 போல விழும். போன கிழமையும் ஒரு பெண் 98 பென்ஸ் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்து 93 என்று வாதாடினா. லேபலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அவ சொன்னதும் பிழை இல்லை. 93க்கே கொடுத்தேன். ஆகவே மருமகன், இந்தக் கன் வேணுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ. விலையை மட்டும் 8 வராமல் பார்த்து வை.